எந்த நாட்டை வெட்டலாம்?

நான் முப்பத்திரண்டு வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். இதைச் சொன்னால் பதுளைக் கடைவீதியில் அப்பாவின் இரும்புக்கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். "என்ன புள்ள, பென்ஷன் வருதா?" என்று கேட்கிறார்கள். பென்ஷன் இல்லை. ஏழு வருடம் செய்த ஒரு வேலையை இனி எங்கும் செய்வதில்லை என்று முடிவெடுத்தவளுக்கு வேறு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாததால் ஓய்வு என்கிறேன்.

போன மாதம் நிரோஷா என்ற பெண் எனக்குப் போன் எடுத்தாள். என் இடத்துக்கு வந்திருப்பவள். இனி வேன், திரை, ப்ரொஜெக்டர் எதுவும் இல்லையாம். பிள்ளைகள் கண்ணில் மாட்டிக்கொண்டு உலகத்தைச் சுற்றிப் பார்க்கும் கருவி வருகிறதாம். "அக்கா, பிள்ளைங்களுக்கு வேற நாடுகள் மேல ஆசை வரணும்னா முதல்ல என்ன செய்யணும்? பொயிண்ட் பொயிண்டா எழுதித் தாங்க" என்றாள். பொயிண்டாக எழுதுவதுதான் என் பழக்கம். மூன்று நாள் உட்கார்ந்து ஆறு எழுதினேன். ஆறையும் கிழித்துப் போட்டேன். பொயிண்டில் அடங்காததால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மின்னணுவியலில் டிப்ளோமா முடித்துவிட்டு இரண்டு வருடம் கணினி பழுதுபார்த்தேன். பிறகு ஒரு சிறிய தொண்டு நிறுவனம் ப்ரொஜெக்டரும் ஜெனரேட்டரும் இயக்கத் தெரிந்த ஆள் தேடியது. தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுவது வேலை. கருவிகளை இயக்கப் போனவள், ஆறு மாதத்தில் வகுப்பும் எடுக்கத் தொடங்கிவிட்டேன். பயிற்சி என்று இருந்தது அவ்வளவுதான்.

வேனில் இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. முதல் பெட்டியில் கருவிகள். இரண்டாவதில் காற்று ஊதும் பூகோள உருண்டை ஒன்று, பதினோரு நாட்டு நாணயங்கள், ஜப்பானியச் சாப்பாட்டுக் குச்சிகள், ஆப்பிரிக்க மேளம் ஒன்று, பனிப்பிரதேசக் கையுறை ஒரு சோடி, தபால் முத்திரை ஆல்பம். ஒவ்வொரு பாடசாலைக்கும் போகுமுன்னும் வந்த பின்னும் இந்தப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் ஹனீபா சேர். பண்டாரவளையில் துணிக்கடைக் குடும்பம், அவர் மட்டும் புவியியல் ஆசிரியராகி ஓய்வு பெற்று இதற்கு இணைப்பாளராக வந்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைப்பார். இரண்டாவது முறை துடைத்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

பசறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் என் முதல் வகுப்பு. உருண்டையை ஊதிக் கையில் வைத்துக்கொண்டு உற்சாகமாகக் கேட்டேன்: "வெளிநாட்டுக்குப் போனா நீங்க முதல்ல என்ன செய்வீங்க?"

கோபுரம், கப்பல், பனிமழை என்று ஏதாவது வரும் என்று நினைத்தேன்.

"கக்கூஸ் கழுவுவேன் மிஸ்."

"நான் மேடத்தோட பாப்பாவ பாத்துக்குவேன்."

"மொதல்ல பாஸ்போட்ட அவங்க கையில குடுத்துறணும் மிஸ். இல்லாட்டி ஏசுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பொறுப்பாகப் பதில் சொன்னார்கள். நான் டவுனில், கடை வைத்திருக்கும் குடும்பத்தில் வளர்ந்தவள். தோட்டத்துக்குப் பத்து மைல் தூரத்தில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு 'வெளிநாடு' என்பது பார்க்கப் போகிற இடத்தின் பெயரே இல்லை. அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். திருச்சிக்குக் கோயில் கும்பிடப் போய்வந்தவரைக்கூட அங்கே யாரும் வெளிநாடு போனவர் என்பதில்லை.

திரும்பும் வழியில் ஹனீபா சேர் கண்ணாடியைத் துடைத்தார். "அந்தச் சொல்ல இனி எடுக்க வேணாம் மகள். நாட்டுப் பேர மட்டும் சொல்லுங்க. ஜப்பான்டா ஜப்பான், பிரேசில்டா பிரேசில்" என்றார். அன்று மாலையே மூன்று விதிகளைத் தட்டச்சு செய்து வேன் கதவின் உள்பக்கம் ஒட்டினார். வெளிநாடு என்ற சொல் கூடாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் படங்களைத் திரையில் போடக் கூடாது.

மூன்றாவதற்கு அவர் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போனில் வைரஸ் இருக்கும் என்பதற்காக என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அடுத்து நான் செய்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் பெருமையாக இருந்தது. கரும்பலகையில் எட்டு நாடுகளின் பெயரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவோம்: இந்தியா, இலங்கை, ஜப்பான், குவைத், பிரான்ஸ், பிரேசில், எகிப்து, சீனா. திரையில் ஒரு தெருப் படம் வரும். எந்த நாடு என்று கண்டுபிடிக்க வேண்டும். அட்டையில் ஐந்து கேள்விகள்.

1. வாகனத்தில் ஸ்டேரிங் எந்தப் பக்கம்?
2. எழுத்து ஏதாவது தெரிகிறதா?
3. என்ன மரம், என்ன செடி?
4. கூரை எப்படி?
5. காலில் என்ன போட்டிருக்கிறார்கள்?

ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் "அப்ப எந்த நாட்டை வெட்டலாம்?" என்று கேட்க வேண்டும். கண்டுபிடித்த பிள்ளை எழுந்து வந்து வெண்கட்டியால் அந்தப் பெயரை வெட்டும். ஸ்டேரிங்கை நான் முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊர் மாதிரி வலது பக்கம் இருந்தால் எட்டில் ஐந்து ஒரே கேள்வியில் போய்விடும். பழுது தேடுவதும் அப்படித்தான். எந்த இடத்தில் சோதித்தால் பாதி மின்சுற்று நல்லது என்று தெரியுமோ, அங்கேதான் முதலில் மீட்டரை வைக்க வேண்டும்.

பிள்ளைகள் இந்த விளையாட்டுக்கு உயிரை விட்டார்கள். ஆவணப்படம் போட்டால் தூங்கியவர்கள், படத்தைப் பார்த்து நாட்டை வெட்டச் சொன்னதும் பெஞ்சில் ஏறி நின்றார்கள். சேர்கூட ஒருமுறை பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கண்ணத் தொறந்து விடுறீங்க மகள்" என்றார்.

தர்ஷிகா பூனாகலைப் பக்கத்துப் பாடசாலையில் ஏழாம் தரம். இவ்வளவு கேள்வி கேட்கிற பிள்ளையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. எல்லாக் கேள்வியும் ஒரே நாட்டைப் பற்றி.

"மிஸ், இப்ப குவைத்துல மணி என்னா?"

"நம்ம மணியில ரெண்டரை மணித்தியாலம் கழிச்சுக்கோ."

"அப்ப அங்க ஸ்கூலு மணி அடிச்சிருக்காதே. மிஸ், அங்க மழ பேஞ்சா மண்ணு மணக்குமா? ரொட்டிக்கு என்னா தொட்டுக்குவாங்க? நோம்புக் காலத்துல வேல செய்றவங்களும் சாப்புடக் கூடாதா?"

பக்கத்துப் பிள்ளை கவிதா அலுத்துக்கொள்வாள். "இவ குவைத்து ராஜாவுக்கு மருமவ மிஸ், விடுங்க."

தர்ஷிகாவின் அம்மா குவைத்தில் வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, அவளே சொன்னது. போய் மூன்று வருடம். அப்பா அதற்கு முன்பே விட்டுப் போனவர். பெரியம்மா பாக்கியத்தோடு லயத்தில் இருந்தாள். அடுத்த தீபாவளிக்கு அம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள். அம்மா வரும்போது அவள் வேலை செய்த ஊரைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது பிள்ளையின் ஏற்பாடு. அதற்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தாள். நாணயம், உணவு, வெயில், வணக்கம் சொல்லும் முறை என்று தலைப்புப் போட்டு, கோடு இழுத்து, எண் போட்டு எழுதியிருந்தாள். அந்தக் கொப்பியைப் பார்த்தபோது எனக்கு என் கொப்பியைப் பார்த்த மாதிரி இருந்தது. அவளிடம் நான் மற்றப் பிள்ளைகளிடம் நடந்துகொண்ட மாதிரி நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாள் ஹனீபா சேருக்குப் பதுளையில் கூட்டம். நான் தனியாகப் போனேன். வகுப்பு தொடங்குமுன் தர்ஷிகா என்னிடம் வந்து புத்தகப் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே துணியில் சுற்றிப் பெரியம்மாவின் போன்.

"அம்மா படம் அனுப்பியிருக்காங்க மிஸ். அவங்க எசமான் கார் கிட்ட நிக்கிறாங்க. இத வெளையாட்டுல போடுங்க மிஸ். நான் பதில் சொல்ல மாட்டேன். இவங்க கண்டுபிடிக்கட்டும்."

விதி எனக்கு நினைவிருந்தது. நினைவிருந்தும், இது ஒரு பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய பெரிய பரிசு என்று நினைத்தேன். அவள் அம்மா திரையில், சுவர் அளவுக்கு. "பதில் சொல்லாம சும்மா இருப்பியா? இன்னிக்கு நீதான் டீச்சர்" என்று கேள்வி அட்டையை அவள் கையில் கொடுத்தேன்.

போனைக் கேபிளில் மாட்டினேன். படம் வந்தது. முப்பது வயதுக்குள் ஒரு பெண், நீலச் சட்டை, நன்றாகச் சிரித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் காரின் முன்னால் நின்றிருந்தாள். நம்பர் தகடு இருக்கும் இடத்தை அவளுடைய கால் மறைத்திருந்தது. அது எனக்கு அன்று வெறும் தற்செயலாகத்தான் தெரிந்தது.

தர்ஷிகா என்னை மாதிரியே ஒரு கையை இடுப்பில் வைத்தாள். வகுப்பு சிரித்தது. "சத்தம்!" என்று அதட்டினாள். அதுவும் என்னை மாதிரியேதான். "முதலாவது கேள்வி. வாகனத்தில் ஸ்டேரிங் எந்தப் பக்கம்?"

போனின் சிறிய கண்ணாடியில் அவள் அம்மாவின் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும். திரையில் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டேரிங் தெளிவாகத் தெரிந்தது.

"சோத்தாங்கை பக்கம்!" என்று கவிதா கத்தினாள்.

"அப்ப எந்த நாட்டை வெட்டலாம்?"

அட்டையைப் பார்த்து வாசித்தாளே தவிர, அவள் இன்னும் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கவிதா வந்து வெண்கட்டியை எடுத்தாள். குவைத்தை வெட்டினாள். பிரான்ஸை வெட்டினாள்.

"ஏய், குவைத்த வெட்டாத! அது வெட்டக் கூடாது."

"ஏன் வெட்டக் கூடாது? ஸ்டேரிங் சோத்தாங்கை பக்கம்னா குவைத்து வெட்டணும். போன தடவ நீதானடி வெட்டுன."

"இது வேற."

"என்னா வேற? மிஸ், நீங்க சொல்லுங்க. சரியா, பிழையா?"

முப்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். தர்ஷிகாவும் பார்த்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. நான் யோசிக்கவே இல்லை. ஏழு வருடமாக ஒரு நாளைக்கு நூறு முறை சொன்ன சொல் வாயிலிருந்து வந்தது.

"சரி."

கவிதா மற்ற மூன்றையும் வெட்டினாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து இன்னொரு பிள்ளை எழுந்து நின்று, "மிஸ், மூணாவது கேள்விக்கு! கார் பின்னால பலாமரம்! காய் தொங்குது! ஜப்பானையும் வெட்டலாம்!" என்றாள். கவிதா அதையும் வெட்டினாள்.

ப்ரொஜெக்டரை அணைத்தேன். பலகையில் இரண்டு பெயர்கள் வெட்டப்படாமல் இருந்தன. இந்தியா. இலங்கை. பிள்ளைகளுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சில வீடுகள்ல அப்படிக் காரும் இருக்கும்" என்று ஏதோ சொன்னேன். தர்ஷிகா கேள்வி அட்டையை மேசையில் மடங்காமல் வைத்தாள். கேபிளிலிருந்து போனைத் தானே கழற்றித் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். அழவில்லை.

மறுநாள் ஹனீபா சேர் நடந்ததை மூன்று முறை வரிசையாகச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் இடையில் ஒரு கேள்வி. போனை யார் மாட்டினது? அட்டையை யார் கொடுத்தது? சரி என்று சொன்னது யார்? மூன்றுக்கும் நான்தான் என்றேன். கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். அதைப் போட்டுக்கொள்ளாமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு முந்தி ஒரு பாடசாலையில ஒரு படத்தால நடந்திச்சு மகள். வேற மாதிரி. அதுக்குத்தான் மூணாவது விதிய எழுதினேன். காரணத்தையும் எழுதியிருக்கணும். பிழை என்னிலயும் இரிக்கி."

"இப்ப என்ன செய்றது சேர்?"

"தெரியல்ல" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

நான் லயத்துக்குப் போனேன். பாக்கியம் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கூடையை இறக்காமலே வாசலில் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"வாங்க மிஸ். படிச்சவங்க வருவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா..."

"எனக்குத் தெரியும். அவ குவைத்துலருந்து வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கொழும்புப் பக்கம் ஒரு டிரைவரோட இருக்கா. அவன் ஓட்டுற காருதான் அது. கையில ஒரு புள்ள, ஆறு மாசம்." குரலைத் தாழ்த்தினாள். "குவைத்துல இருக்கான்னா இந்தப் புள்ள காத்துக்கிட்டு இருக்கும் மிஸ். கடலத் தாண்டி எப்பிடி வர்றதுன்னு அதுவே சமாதானம் சொல்லிக்கும். கொழும்புல இருக்கான்னா? காலையில ஸ்டேசன்ல கோச்சி ஏறுனா சாயந்தரம் வந்து எறங்கலாம். ஏன் வரலன்னு கேக்கும். அதுக்கு நான் என்னா சொல்ல?"

"கேட்டாளா?"

"கேக்கல. அதான் பயமா இருக்கு."

பிறகு அவளே போனை எடுத்துத் தங்கையை அழைத்தாள். திரையில் இன்னும் குவைத் எண்தான் வந்தது. சிம்மை மாற்றினாலும் வாட்ஸ்அப்பில் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியும். இதற்குப் பயன்படும் என்று நினைத்ததில்லை. பாக்கியம் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நீங்கதான் மேப்பு மிஸ்ஸா? என் புள்ளைக்கு என்னா சொல்லிக் குடுத்தீங்க?"

பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, குழந்தையைத் தட்டிக்கொண்டே பேசுகிறாள்.

"இவருக்கு அங்க ஒரு புள்ள இருக்குறது தெரியாது மிஸ். தெரிஞ்சா என்னையும் இதையும் ரோட்டுல விட்டுருவாரு. நான் குவைத்துலதான் இருக்கேன்னு நீங்க சொல்லுங்க. நாங்க சொன்னா இனி நம்பாது. நீங்க சொன்னா நம்பும்."

பாக்கியம் போனைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளும் அதைத்தான் கேட்கிறாள்.

ஐந்து நாள் யோசித்தேன். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இரண்டு பக்கமும் எழுதினேன். உண்மையைச் சொன்னால், சொல்லாவிட்டால். எந்தப் பக்கம் நீளமாக இருந்தது என்பது இப்போது முக்கியமில்லை. சேரிடம் கேட்டேன். "சொல்லுங்கண்டும் சொல்ல மாட்டேன், வேணாம்டும் சொல்ல மாட்டேன் மகள்" என்று விட்டுவிட்டார். அடுத்த வருடம் அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். நான் அதற்கு முன்பே விலகிவிட்டேன். விலகும் கடிதத்தில் சொந்தக் காரணம் என்று எழுதினேன்.

ஆறாவது நாள் பூனாகலைக்குப் போனேன். இடைவேளை நேரம். தர்ஷிகா பாடசாலைக் குழாயடியில் தண்ணீர்ப் போத்தல் நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. வழியெல்லாம் வேனில் சொல்லிப் பார்த்த வாக்கியங்களை ஒழுங்காகச் சொன்னேன். அன்று நான் சரி என்றது பிழை. குவைத்தில் பணக்கார வீடுகளில் ஜப்பானிலிருந்து கார் வரவழைப்பார்கள். அவற்றில் ஸ்டேரிங் நம் ஊர் மாதிரி வலது பக்கம்தான் இருக்கும். அதை நான் சரிபார்க்காமல் சொல்லிவிட்டேன். அம்மா அங்கேதான் இருக்கிறார்.

அவள் போத்தல் நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"அப்ப பலாமரம் மிஸ்?"

அதற்கு நான் எதுவும் தயார் செய்திருக்கவில்லை. பெரிய வீடுகளில் தொட்டியில் வளர்ப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. கோபம் இருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒரு கணக்குச் சரியாக வராத பிள்ளைக்கு உதவி செய்கிறவள் மாதிரி, பொறுமையாக நின்றாள்.

"ஒங்கள பெரியம்மா சொல்லச் சொன்னாங்களா?"

நான் தலையசைத்தேன். ஆம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாத மாதிரி.

மணி அடித்தது. போத்தல் மூடியை இறுக்கிப் பாவாடையில் துடைத்தாள்.

"பரவால்ல மிஸ். நான் நம்பிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிர்றேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.